கதிர் அலாரம்: 38 கிலோஹெர்ட்ஸ் ரிசீவர் வேண்டுமா, வெறும் போட்டோடையோடு போதுமா?

கார்பன்ரெசிஸ்டர்
வாசலை யாராவது கடந்தால் பஸ்ஸர் ஒலிக்கும் அகச்சிவப்புக் கதிர் அலாரம் செய்ய வேண்டும் என்று யார் கேட்டாலும், "38 கிலோஹெர்ட்ஸ் ரிசீவர் வாங்குங்கள்" என்பதே இங்கே முதல் பதிலாக வருகிறது. அது வினாடிக்கு 38,000 முறை துடிக்கும் அகச்சிவப்பை மட்டும் கவனிக்கும் மூன்று கால் பாகம். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஒரு ஐ.ஆர். (அகச்சிவப்பு) எல்.இ.டி., ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் ஒரு போட்டோடையோடு, எல்எம் 358 என்ற ஒரு பெருக்கி ஐ.சி., ஒரு பிரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்). புதிதாகத் தொடங்குகிறவருக்கு இவையே போதும். 5 வோல்ட் சப்ளையில் எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும் 1.3 வோல்ட் போக, மீதி 220 ஓம் ரெசிஸ்டரில் விழும். ஏறத்தாழ 17 மில்லிஆம்பியர் ஓடும். போட்டோடையோடைத் தலைகீழ் மின்னழுத்தத்தில் 100 கிலோஓமுடன் தொடராக இணைத்து, இரண்டும் சேரும் இடத்தில் மல்டிமீட்டரை வையுங்கள். கதிரின் குறுக்கே கையை நீட்டினால் வோல்டேஜ் சரிவது தெரியும். அந்த ஒரு காட்சி போதும், மொத்த சர்க்யூட்டும் புரிந்துவிடும். மூன்று கால் ரிசீவருக்குள் என்ன நடக்கிறது என்பதை எந்த மீட்டரும் காட்டாது.

அலைவரிசை
இரவில், மேசைமேல், நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. காலையில் ஜன்னல் வழியே வெயில் விழட்டும், அப்போது பாருங்கள். சூரிய ஒளியின் ஆற்றலில் ஏறத்தாழ பாதி அகச்சிவப்புதான். வெயில் எது, உங்கள் எல்.இ.டி. எது என்று போட்டோடையோடுக்குத் தெரியாது. கதிரை ஒருவர் மறித்து நின்றாலும் "வெளிச்சம் இருக்கிறது" என்றே அது சொல்லும், பஸ்ஸர் ஒலிக்காது. நம்ப முடியாத அலாரத்தை வாசலில் மாட்டுவது, அலாரமே இல்லாமல் இருப்பதைவிட மோசம். மாட்டியவர் கவலையை விட்டுவிடுகிறார் அல்லவா?

கார்பன்ரெசிஸ்டர்
வெயிலுக்கு மாற்று இருக்கிறது. கறுப்பு உறை கொண்ட போட்டோடையோடு கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெருமளவு தடுத்துவிடும். அதன் முன்னால் ஒரு கறுப்புக் குழாயைச் செருகினால் பக்கவாட்டு வெளிச்சமும் நின்றுவிடும். ஜன்னலுக்கு முதுகு காட்டி ரிசீவரை வைப்பதும் ஒரு வழிதான். சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 38 கிலோஹெர்ட்ஸ் கதிரைத் தொடர்ந்து அனுப்பினால், சிறிது நேரத்தில் ரிசீவர் ஊமையாகிவிடுகிறதே, அதற்கு என்ன பதில்?

ஒளிமானி
இதற்கு நான் பதில் சொல்கிறேன். டிஎஸ்ஓபி வகை ரிசீவர்கள், அதாவது நாம் பேசும் 38 கிலோஹெர்ட்ஸ் ரிசீவர்கள், டிவி ரிமோட்டுக்காகச் செய்யப்பட்டவை. ரிமோட் இடைவிடாமல் பேசாது. ரிமோட்டுகள் பயன்படுத்தும் குறியீடுகளில் ஒன்றான என்ஈசி முறையில் 9 மில்லிவினாடி கதிர், 4.5 மில்லிவினாடி அமைதி, அதன் பிறகு ஏறத்தாழ 560 மைக்ரோவினாடி நீளத் துடிப்புகள். நிற்காமல் வரும் 38 கிலோஹெர்ட்ஸை இரைச்சல் என்று முடிவு செய்து, உள்ளே இருக்கும் தானியங்கிக் கட்டுப்பாடு பெருக்கத்தைக் குறைத்துவிடும். கதிர் மறிக்கப்பட்டாலும் சரி, ரிசீவர் ஊமையானாலும் சரி, வெளியீட்டுக் கால் ஒரே மாதிரி உயர்நிலையில்தான் நிற்கும். ஆகவே கதிரைச் சிறு சிறு துடிப்புகளாக, இடைவெளி விட்டு அனுப்புங்கள். அல்லது பெருக்கம் மாறாத, கதிர்த் தடைக்கென்றே செய்யப்பட்ட டிஎஸ்எஸ்பி 4038 போன்றதை எடுங்கள். 555 என்ற டைமர் ஐ.சி.யை வைத்துத் துடிப்பை உண்டாக்குகிறவர்கள் கெபாசிட்டரின் மதிப்பை நம்பிவிட வேண்டாம். 10 சதவீதம் விலகினாலே 38 என்று நினைத்தது 35-லோ 42-லோ போய் நிற்கும், கதிர் எட்டும் தூரமும் குறைந்துவிடும்.

புதுக்கை
இடையில் ஒரு கேள்வி. தூரம் கூட வேண்டும் என்றால் எல்.இ.டி.க்கு மின்னோட்டத்தைக் கூட்டலாமா? கண்ணுக்கு ஆபத்து உண்டா?

அலைவரிசை
துடிப்பாக அனுப்பினால் கூட்டலாம். தொடர்ந்து 100 மில்லிஆம்பியர்தான் தாங்கும் எல்.இ.டி.கூட மிகக் குறுகிய துடிப்பில் அதைப்போலப் பல மடங்கைத் தாங்கும். டேட்டாஷீட்டில் அந்த எல்லை தனியாக இருக்கும். ஆனால் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையின் காலிலிருந்து நேரடியாக எடுக்காதீர்கள். அதன் உச்ச வரம்பே 40 மில்லிஆம்பியர். நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். கண்ணைப் பொறுத்தவரை, ஒளி தெரியாததால் இமை மூடாது, பாவையும் சுருங்காது. அதிகத் திறனுள்ள எல்.இ.டி.யை அருகில் வைத்து உற்றுப் பார்க்கவே கூடாது. எரிகிறதா என்று அறிய கைப்பேசி கேமராவைக் காட்டுங்கள்.

கார்பன்ரெசிஸ்டர்
ஆக, உங்கள் வழியில் போகிறவர் துடிப்பு, இடைவெளி, அலைவெண் சரிசெய்தல், ரிசீவர் வகை எல்லாவற்றையும் முதல் நாளே தெரிந்துகொண்டாக வேண்டும்! வேலை செய்யாவிட்டால் எங்கே தேடுவார்? கேமரா எரிவதைக் காட்டும், 38 கிலோஹெர்ட்ஸா என்று காட்டாது.

ஒளிமானி
நடுவே ஒரு பாதை உண்டு. வெறும் போட்டோடையோடே இருக்கட்டும். எல்.இ.டி.யை அணைத்து ஒருமுறை அளவு எடுங்கள், ஏற்றி மறுமுறை எடுங்கள், கழியுங்கள். அறை வெளிச்சம் இரண்டிலும் இருப்பதால் கழிந்துவிடும். ஆனால் 100 கிலோஓமை மாற்றியாக வேண்டும். 50 மைக்ரோஆம்பியர் ஓடினாலே அதில் 5 வோல்ட் முழுவதும் விழுந்துவிடும், கழிக்க எதுவும் மிஞ்சாது. 4.7 கிலோஓம் போட்டால் ஏறத்தாழ 1 மில்லிஆம்பியர் வரை இடம் கிடைக்கும். நேரடி வெயிலுக்கு அதுவும் போதாது. கறுப்புக் குழாய் அப்போதும் வேண்டும்.

கார்பன்ரெசிஸ்டர்
இது நல்ல வழி. என்றாலும் மைக்ரோகண்ட்ரோலர் இல்லாமலே அந்தக் கழித்தலைச் செய்யலாம். 555-ஐ வைத்து எல்.இ.டி.யை 1 கிலோஹெர்ட்ஸில் துடிக்க விட்டு, போட்டோடையோடுக்கும் எல்எம் 358-க்கும் நடுவில் ஒரு கெபாசிட்டரைப் போட்டால், மாறாத வெளிச்சம் அங்கேயே நின்றுவிடும்.

அலைவரிசை
அப்படியானால் நீங்களும் துடிக்கும் கதிருக்கு வந்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. அதையே 38-இல் செய்யக் கூடாதா?

கார்பன்ரெசிஸ்டர்
எல்எம் 358-ஆல் முடியாது. அதன் பெருக்கமும் அலைவெண்ணும் பெருக்கிய எல்லை ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ். 1 கிலோஹெர்ட்ஸில் 100 மடங்கு தாராளமாகக் கிடைக்கும். 38-இல் 25 மடங்கு கிடைத்தாலே பெரிது. சர்க்யூட்டை வரைந்து இங்கேயே இடுகிறேன்.

அலைவரிசை
வரையுங்கள். குழல்விளக்கின் கீழும் சோதித்து, ஆசிலோஸ்கோப் படத்தையும் சேர்த்து இடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸில் மினுக்கும், உங்கள் கெபாசிட்டர் அதையும் கொஞ்சம் உள்ளே விடும். அதைப் பார்த்த பிறகு என் முடிவைச் சொல்கிறேன்.