தோட்டத்தில் பிரசங்கிக்கிறவருக்கு பியூரிட்டன்களின் தியானப் பழக்கம் சரிவருமா?

கேள்வி (பொகவந்தலாவ):
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறேன். ஞாயிறு லயத்தில் கூடுகிற சிறு சபைக்கு வசனம் சொல்வது என் பொறுப்பு. சனி இரவுதான் ஆயத்தப்பட நேரம். 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திருச்சபையைச் சீர்திருத்தப் பாடுபட்ட பியூரிட்டன் என்ற புரொட்டஸ்டன்ட் பிரிவின் போதகர்கள் தினமும் தியானம், சுயபரிசோதனை, அவ்வப்போது உபவாசம் என்று வாழ்ந்தார்களாம். இதெல்லாம் முழுநேர ஊழியருக்கு மட்டும்தானா?

பதில் (ஹட்டன், போதகர்):
இல்லை தம்பி. சபைக்குச் சொல்லப்போகிற வசனத்தை முதலில் தன் ஆத்துமாவுக்குச் சொல்வதுதான் அவர்களிடம் நான் கற்றதில் பெரியது. அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற போதகர் நோயில் கிடந்து சாவை எதிர்பார்த்த நாட்களில் பரலோக இளைப்பாறுதலைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1650இல் அது புத்தகமாக வந்தது. போதகர் சபையோடு பேசுகிற அதே முறையில் விசுவாசி தன் நெஞ்சோடு பேச வேண்டும் என்கிறார் அதில். அவருக்கு உகந்த வேளை, சூரியன் மறைவதிலிருந்து இருட்டும்வரை. வேலை முடிந்து லயத்துக்கு ஏறி வருகிற பாதை உங்களுக்கு இருக்கிறதே! திங்களன்றே வசனத்தை எடுத்துவிடுங்கள். உண்மையைப் பற்றிப் பேசப் போகிறீர்களா? கொழுந்து நிறுவையில் நான் உண்மையாக இருந்தேனா என்று அந்த வாரமே உங்களைக் கேளுங்கள்.

உபவாசம் நல்லதுதான். ஆனால் நாள் முழுக்க உடம்பால் உழைக்கிறவரை வேலை நாளில் பட்டினி கிடக்கச் சொல்லமாட்டேன்.

பதில் (மஸ்கெலியா, ஞாயிறு பாடசாலை ஆசிரியை):
ஐயா சொன்னதோடு இன்னொன்று. பாக்ஸ்டர் தனித் தியானத்தோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் அவர் ஊழியம் செய்த கிடர்மின்ஸ்டரில் 800க்கு மேற்பட்ட குடும்பங்கள். திங்களும் செவ்வாயும் ஒதுக்கி, அவரும் உதவியாளரும் வாரத்துக்கு 15, 16 குடும்பங்களைத் தனித்தனியாகச் சந்தித்து வினாவிடை கேட்டுப் போதித்தார்கள். 1656இல் போதகர்களுக்காக எழுதியதில் அவரே இதைச் சொல்கிறார். எங்கள் லயத்து அம்மாமார் பிரசங்கத்தில் புரியாததைச் சபையில் கேட்கக் கூச்சப்படுவார்கள். இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசினால் எல்லாம் கேட்பார்கள். அடுத்த ஞாயிறு என்ன பேச வேண்டும் என்று உங்களுக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. பாதையில் கூட ஆட்கள் வருவார்கள், தனிமை கிடைக்காது. எழுதி வைத்தால் போதுமா?

பதில் (ஹட்டன், போதகர்):
தாராளமாக எழுதுங்கள். கேம்பிரிட்ஜில் இருந்த சாமுவேல் வார்ட் என்ற பியூரிட்டன் 1595இல் தொடங்கிய நாட்குறிப்பில், அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டதைக்கூடப் பாவமாகக் குறித்திருக்கிறார். நீங்கள் குற்றப் பட்டியலோடு நிறுத்திவிடாமல், கிடைத்த கிருபையையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கொப்பி உங்களுக்கும் ஆண்டவருக்கும் மட்டும். சபைக்கு முன் அதை வாசிக்க வேண்டாம்.