அரிசோனா எல்க் வேட்டை: இறைச்சியும் தலைத்தோலும் கெடாமல் இருக்க யோசனை தேவை

வணக்கம். வருடக்கணக்கில் போனஸ் புள்ளி (குலுக்கலில் வாய்ப்பைக் கூட்டும் புள்ளி) சேர்த்ததற்கு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலக் குலுக்கலில் ஆண் எல்க் (பெரிய மான் வகை) டேக், அதாவது ஒரு மானை வேட்டையாடும் அனுமதி, கிடைத்துவிட்டது. யூனிட் 10 என்ற வேட்டைப் பகுதி, வில் வேட்டை, செப்டம்பர். இணைசேரும் பருவம், குரல் கொடுத்தால் மான் வரும். டிரெயில் கேமரா (காட்டில் கட்டிவைத்தால் விலங்கு வரும்போது தானே படமெடுப்பது) யோசனை மட்டும் வேண்டாம். 2022 முதல் அங்கே வேட்டைக்கு அதைப் பயன்படுத்தத் தடை.

என் கேள்வியெல்லாம் மான் விழுந்த பிறகு வரும் வேலை பற்றித்தான். பெரிய ஆண் எல்க் 300 கிலோ தாண்டும், எலும்பு நீக்கிய கறியே சுமார் 100 கிலோ. வயிற்றைத் திறக்காமல் ஒரு பக்கம் தோலுரித்து முன்கால், பின்தொடை, முதுகுச்சதை, கழுத்து எடுத்து, புரட்டிப் போட்டு மறுபக்கமும் அப்படியே செய்யப் போகிறேன். முதலில் கெடுவது பின்தொடையில் இடுப்பு மூட்டை ஒட்டிய சதை. தடித்த சதைக்குள் சூடு அடைபட்டு, எலும்போரம் புளித்த வாடை வந்துவிடும். எலும்பை அங்கேயே நீக்கினால் அந்தச் சூடு போகும், ஆனால் துண்டுகள் பைக்குள் குவிந்து மறுபடி சூடேறும். எலும்போடு நிழலில் தொங்கவிட்டால் காற்று நன்றாகப் படும். பகல் வெயிலில் எது பாதுகாப்பு? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பாடம் செய்து சுவரில் மாட்டுவதற்கான தலைத்தோலைத் தோளுக்கு நன்றாகப் பின்னால் வெட்டுவேன். காதைப் புரட்டி, உதட்டைப் பிளந்து, அயோடின் இல்லாத தூள் உப்பு தேய்ப்பதா, உப்பில்லாமல் உறைய வைப்பதா? உப்பிட்ட தோல் சரியாக உறையாது, தாமதித்தால் முடி கழன்றுவிடும். அருகிலுள்ள செலிக்மன், வில்லியம்ஸ் ஊர்கள் பக்கம் அன்றே உறைய வைத்துத் தரும் கடை தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.