மறுமொழி: ஓவியத்தின் பொருளை ஆராயும் கலைச்சொற்கள் – 'உள்ளுறைக் குறியீடு'

அன்பின் குழும நண்பர்களுக்கு, வணக்கம். மேலைநாட்டு ஓவிய ஆய்வுச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஐக்கனோகிராஃபி, ஐக்கனாலஜி இரண்டுக்கும் 'படிமவியல்' ஒன்றே போதாதா?

போதாது ஐயா. ஓவிய ஆய்வைக் கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி 1939இல் மூன்று படிகளாக வகுத்தார். இரண்டாவது ஐக்கனோகிராஃபி, மூன்றாவது ஐக்கனாலஜி; இவை இரண்டும்தான் நம் உரையாடலில் கலந்து கிடக்கின்றன.

பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் பிரான்செஸ்கோ மாஃபேயின் ஓவியம் ஒன்றை அவரே எடுத்துக்காட்டுகிறார். ஒரு பெண், கையில் வாள், தட்டில் ஓர் ஆணின் வெட்டுண்ட தலை. கண்ணில் படுவதை இப்படிச் சொல்வது முதற்படி. 'காட்சி விவரிப்பு' என்றாலே போதும். அவள் யார் என்று கேட்பது இரண்டாம் படி. விவிலியக் கதைகளில் தட்டில் தலையைப் பெற்றவள் சலோமி, ஆனால் அவள் வாளெடுக்கவில்லை. எதிரிப் படைத்தலைவனை வாளால் வெட்டியவள் யூதித்து, ஆனால் அவள் கதையில் தலை போனது உணவுப் பைக்குள். நூல்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இருவரும் பாதிப் பாதிதான் பொருந்துகிறார்கள். பிற ஓவியங்களோடு ஒப்பிட்டபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. யூதித்தைத் தட்டோடு வரையும் வழக்கம் ஜெர்மனியிலும் வட இத்தாலியிலும் இருந்தது; சலோமியை வாளோடு வரையும் வழக்கம் இல்லை. ஆகவே இவள் யூதித்து. இந்த வேலைக்குப் 'படிமவியல்' கச்சிதம். நம் சிற்ப ஆய்வாளர்களும் இந்தத் திருமேனி எந்தத் தெய்வம் என்று கண்டறிவதைத்தான் அச்சொல்லால் குறிக்கிறார்கள்.

அந்த வழக்கம் அந்தக் காலத்தில் ஏன் வேரூன்றியது, அதன் பின்னால் இருந்த நம்பிக்கை என்ன என்று தேடுவது மூன்றாம் படி. அதற்குப் 'படிமப் பொருள்கோள்' என்பதை முன்வைக்கிறேன்.

> 'டிஸ்கைஸ்டு சிம்பாலிசம்' (அன்றாடப் பொருளின் தோற்றத்தில் குறியீட்டை அமைப்பது) என்பதற்கு மறைகுறியீடு?

அதைக் கணினித் துறையினர் தகவலைப் பூட்டிவைப்பதற்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அம்மா. அதோடு, இங்கே எதுவும் கண்ணுக்கு மறைக்கப்படவில்லை. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள யான் வான் ஐக் என்ற ஓவியர் ஒரு தம்பதியை வரைந்த ஆர்னோல்ஃபினி ஓவியத்தைப் பாருங்கள் (1434). பட்டப்பகலில் சரவிளக்கில் ஒரே ஒரு மெழுகுத்திரி எரிகிறது. காலடியில் குட்டிநாய். கழற்றிப்போட்ட மரச்செருப்பு. எல்லாம் வீட்டுப் பொருள்கள். பனோஃப்ஸ்கி இவற்றில் கடவுளின் இருப்பு, கற்புநெறி, புனித இடம் என்ற பொருள்களைக் கண்டார்.

இதற்கு நம்மிடமே சொல் இருக்கிறது: உள்ளுறை. குறுந்தொகை 8இல் வயலோர மாமரத்துப் பழம் தானாக விழ, குளத்து வாளைமீன் அதைக் கவ்வுகிறது. வெறும் மருதநிலக் காட்சிதான். ஆனால் தலைவன் தானே வந்து பரத்தையிடம் சேர்ந்த கதை அதற்குள் இருக்கிறது. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே (ஒரு நிலத்துக்குரிய மரம், விலங்கு, பறவை போன்றவை) உள்ளுறைக்கு நிலைக்களன் என்கிறார் தொல்காப்பியர். இந்த வரையறை ஓவியத்திலும் நமக்கு உதவும். அதே ஓவியத்தில் கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றிக் கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் பத்துச் சிறு வட்டங்கள் உண்டு. அவை வெளிப்படையான சமயச் சித்திரம், படிமவியலில் அடங்கும். மெழுகுத்திரி, நாய், செருப்பு போன்ற வீட்டுப் பொருள்கள் மட்டுமே 'உள்ளுறைக் குறியீடு'.

> ஓவியர் நினைக்காததையும் உள்ளுறை என்று சொல்லிவிட மாட்டோமா?

நல்ல கேள்வி. கலை வரலாற்றாசிரியர் லார்ன் கேம்ப்பெல் 1998இல் இந்த ஓவியத்தைப் பற்றி எழுதியபோது பனோஃப்ஸ்கி கண்ட குறியீடுகளை ஏற்கவில்லை. வசதியான தம்பதியின் உருவப்படமாகவே பார்த்தார். சங்கப் பாட்டில் கூற்று யாருடையது, கேட்பவர் யார் என்பது தெரியும்; உள்ளுறைக்கு அது கடிவாளம் போடும். ஓவியத்தில் கூற்று இல்லை. எனவே ஒரே காலத்து, ஒரே வட்டாரத்துப் பிற ஓவியங்களில் அந்தப் பொருள் அதே கருத்தில் வந்திருப்பதைக் காட்டினால்தான் இச்சொல்லை ஆளலாம் என்று வரையறையிலேயே எழுதிவிடுவோம். காட்ட முடியாவிட்டால் நாய் வெறும் நாய்தான்.

இன்னொன்று பாக்கி. யூதித்தின் வாள் போல, ஒருவரை இன்னார் என்று காட்டும் கைப்பொருளுக்கு என்ன பெயர்? சிற்ப வழக்கில் தாமரையைக்கூட 'ஆயுதம்' என்ற வகையில் சேர்ப்பதுண்டு. தலை வைத்த தட்டுக்கு அது ஒட்டாது. 'அடையாளப்பொருள்' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். சிற்பிகளோடு பழகியவர்கள் குழுமத்தில் இருக்கிறீர்கள். பட்டறையில் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.