லாண்ட் றோவர் சீரீஸ் 2ஏ: எவ்வளவுக்குக் கேக்கலாம்?

ஊர்காவற்றுறையில சிறீ நம்பர் (சிறீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத்தகடு) லாண்ட் றோவர் ஒண்டு விலைக்கு நிக்குது. சீரீஸ் 2ஏ, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில 88 அங்குலம், பதிவுப் புத்தகத்தில 1967. ஆனா ஹெட்லைற் மட்காட்டில இருக்கு. அது 60களின்ர கடைசியில வந்த மாற்றம். ஆரோ முன்பக்கத்தை மாத்தியிருக்கினம் போல.

அசல் 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின் இல்லை. யப்பான் டீசல் ஏத்தியிருக்கு, புத்தகத்தில இன்னும் பெற்றோல்தான். பொடி அலுமினியம், பயமில்லை. சேஸ் (அடிச்சட்டம்) இரும்பு, அதுவும் கடல்காத்துக்க நிண்டது. சுத்தியலால தட்டினன், பின் குறுக்குச்சட்டம் பொத்தெண்டு கேக்குது. சுன்னாகத்துக் கராஜ்காரர் தகடு வைச்சு ஒட்டலாம் எண்டுறார், இன்னொருத்தர் சேஸையே மாத்தச் சொல்லுறார். விளம்பர விலையளைப் பாத்தா ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லை.

சொந்தக்காரர் 28 லட்சத்தில நிக்கிறார், மாசியில இருந்து இறங்கேல்ல.

இந்த எஞ்சினுக்கும் சேஸுக்கும் எவ்வளவு கழிச்சுக் கேக்கலாம்?