குடும்பப் படங்களுக்கு வீட்டு சர்வரா, மாதச் சந்தாவா? அதற்கேற்ற போன் எது?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரையில் வசிக்கிறோம். 2011 முதல் சேர்ந்த குடும்பப் படங்களும் வீடியோக்களும் இப்போது 410 ஜிபி அளவுக்கு வந்துவிட்டன. பாதி கூகுள் போட்டோஸில் இருக்கின்றன. மீதி பழைய மெமரி கார்டுகளிலும் இரண்டு ஹார்ட் டிஸ்குகளிலும் சிதறிக் கிடக்கின்றன. 2021 ஜூன் 1க்கு முன்பு சுருக்கிய படங்களை அங்கே கணக்கில்லாமல் ஏற்றி வந்தோம். அதன் பிறகு ஏற்றுபவை எல்லாம் மின்னஞ்சலோடு சேர்த்து 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும் என்றானதால், என் கணக்கு எப்போதோ நிரம்பிவிட்டது.

சென்ற ஆண்டு அப்பா காலமானார். மொட்டை மாடியில் பேத்திக்குப் பட்டம் விடக் கற்றுக்கொடுக்கும் 40 விநாடி வீடியோ ஒன்றில்தான் அவருடைய குரல் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. "நூலை விடு, நூலை விடு, இழுக்காதே" என்கிறார். அதைத் தேடி எடுக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கடைசியில் அம்மாவின் பழைய போனில் கிடைத்தது. அந்த போனின் பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. அன்றைக்கே இதற்கு ஒரு வழி செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சும்மா கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை, படங்களைச் சேமித்து வீட்டுப் போன்களுக்கெல்லாம் காட்டும் சர்வராக மாற்றலாம் என்கிறான் மகன். கூகுளில் கூடுதல் இடத்துக்கு மாதச் சந்தா கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறார் மைத்துனர். சர்வர் என்றால் நாமே நிறுவும் மென்பொருள்களான நெக்ஸ்ட்கிளவுடா, இம்மிச்சா, கடையில் விற்கும் ஆயத்தப் பெட்டியா என்பதும் தெரியவில்லை. அதோடு, மனைவியின் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டதால் புதிய போனும் வாங்க வேண்டியிருக்கிறது. மாதத்தில் பத்து நாள் நான் வேலை நிமித்தம் வெளியூரில் இருப்பேன். கோடையில் மாலை நேர மின்வெட்டு உண்டு. அம்மா தன் போனிலேயே படங்களைப் பார்க்க முடிய வேண்டும். சொல்லிக்கொடுத்தால் கமாண்ட் அடிக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மின்கம்பி:

வணக்கம் ஐயா. வீட்டில் ஏழு ஆண்டுகளாக சர்வர் வைத்திருக்கிறேன். அதில் முதல் இரண்டு ஆண்டுகள் பழைய டெஸ்க்டாப்தான் ஓடியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வாட் மீட்டரில் செருகிப் பார்த்தபோது, எந்த வேலையும் செய்யாமல் இருக்கும்போதே அது 65 வாட் இழுத்தது. நாள் முழுவதும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 94 யூனிட். மின்வாரியம் இலவசமாகத் தரும் முதல் 100 யூனிட்டில் ஏறக்குறைய முழுவதையும் அந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். ஏற்கெனவே ஏசி ஓடும் வீடு என்றால், மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டி வேறு கட்டண அடுக்குக்குள் போய்விடக்கூடும். இப்போது என்னிடம் இருப்பது இன்டெல் என்100 சிப் உள்ள, உள்ளங்கையில் அடங்கும் மினி பிசி. எஸ்எஸ்டியோடு சேர்த்துச் சும்மா இருக்கும்போது 10 வாட்டுக்குள்தான் எடுக்கிறது. இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். ஆகவே மகனின் ஆர்வத்தைப் பாராட்டுங்கள், ஆனால் பெட்டியை மாற்றுங்கள். 8 ஜிபி ரேமுக்குக் குறைந்து வாங்க வேண்டாம். முகங்களை அடையாளம் காணும் வேலையை இம்மிச் செய்யும்போது நினைவகம் நிறையத் தேவைப்படும்.

மென்பொருளைப் பொறுத்தவரை உங்கள் தேவை படங்கள் மட்டும்தான் என்றால் தயங்காமல் இம்மிச்சுக்குப் போகலாம். 2016இல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்து வந்த நெக்ஸ்ட்கிளவுட் பழுத்த மென்பொருள். கோப்புகள், காலண்டர், தொடர்பு எண்கள் என்று ஓர் அலுவலகத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் இருபதாயிரம் படங்களை உங்கள் அம்மா விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் அனுபவத்தில் அது பின்தங்குகிறது. 2022இல் தொடங்கிய இம்மிச், கூகுள் போட்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. "உங்கள் படங்களைச் சேமிக்க இதை மட்டும் நம்பாதீர்கள்" என்று அதை உருவாக்குபவர்களே பல ஆண்டுகள் எச்சரித்து வந்தார்கள்; 2025 அக்டோபரில் வெளியான 2.0 பதிப்பைத்தான் நிலையான பதிப்பு என்று அறிவித்தார்கள். அதனால் நான் அதை வீட்டில் எல்லாருக்கும் திறந்துவிட்டதும் அண்மையில்தான்.

ஆயத்தப் பெட்டிகள் மோசமில்லை. கமாண்ட் அடிக்க விரும்பாதவர்களுக்கு அவைதான் சரி. ஆனால் பெட்டியோடு அதன் நிறுவனத்தின் கொள்கையையும் சேர்த்தே வாங்குகிறோம் என்பதை மறக்கக் கூடாது. 2025இல் இத்தகைய பெட்டிகளைச் செய்யும் சைனாலஜி நிறுவனம் தன் பிளஸ் வரிசைப் புதிய பெட்டிகளில் தான் சான்றளித்த டிஸ்குகளையே போட வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டு அதைத் தளர்த்தியது.

இம்மிச்சை நிறுவியதும், படங்களை ஏற்றுவதற்கு முன்பே "ஸ்டோரேஜ் டெம்ப்ளேட்" என்ற அமைப்பை இயக்கிவிடுங்கள். அது தானாக இயங்காது. இயக்காவிட்டால் உங்கள் படங்கள் டிஸ்கில் புரியாத எழுத்துக் கோவைகளைப் பெயராகக் கொண்ட கோப்புறைகளுக்குள் போய்ச் சேரும். இயக்கினால் 2014, 2015 என்று ஆண்டுவாரியாக அடுக்கி வைக்கும். நாளைக்கு சர்வர் எரிந்துபோய் நீங்களும் ஊரில் இல்லையென்றால்கூட, மகன் அந்த டிஸ்கை வேறு கணினியில் செருகினாலே படங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வீட்டு சர்வர் மென்பொருள் எதையும் நான் இந்த ஒரு சோதனையை வைத்தே எடைபோடுகிறேன்.

தாழம்பூ:

மின்கம்பி அண்ணன் சொன்னதோடு என் வீட்டில் நடந்ததையும் எழுதுகிறேன், ஏனென்றால் டிஸ்க் கெட்டுப்போவதை மட்டுமே நினைத்து நான் ஏற்பாடு செய்திருந்தேன். ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கட்டும் என்று இரண்டு டிஸ்குகளையும் ஒன்றின் நகலாக மற்றொன்று இயங்கும்படி மிரர் செய்து வைத்தேன். வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், போனில் இடம் காலி செய்வதாக நினைத்துக்கொண்டு, செயலிக்குள் போய் 2017ஆம் ஆண்டுப் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார். இரண்டு டிஸ்கிலும் அந்த நொடியே அழிந்தன. மிரர் என்பதன் பொருளே அதுதான். அழித்தவை குப்பைத் தொட்டியில் 30 நாள் இருந்திருக்கும். நான் கவனித்தது இரண்டு மாதம் கழித்து, மகளின் முதல் பிறந்த நாள் படத்தைத் தேடிய இரவில். 2016 டிசம்பருக்கு அடுத்து 2018 ஜனவரி என்று திரை தாவியதைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. அக்கா வீட்டில் எப்போதோ கொடுத்து வைத்திருந்த ஒரு டிஸ்கில் அந்த ஆண்டின் ஆகஸ்ட் வரை இருந்தது. மகளின் பிறந்த நாள் நவம்பரில்.

ஆகவே ஐயா, சர்வரில் ஒரு டிஸ்க் போதும். மிரருக்குச் செலவழிக்கும் பணத்தில் தனியாக ஒரு வெளி டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை நகலெடுத்து, பிடுங்கி, வேறு வீட்டில் வையுங்கள். நகலெடுக்கும்போது படக் கோப்புறையோடு தரவுத்தளத்தின் பேக்கப்பையும் சேர்த்து எடுங்கள். எந்த முகம் யாருடையது, எந்த ஆல்பத்தில் எது என்பதெல்லாம் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. இம்மிச் நாள்தோறும் இரவில் அதைத் தானாகவே எடுத்து "பேக்கப்ஸ்" என்ற கோப்புறையில் வைக்கிறது.

கூகுளிலிருந்து இறக்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு. நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுளின் டேக்அவுட் வழியாக வரும் கோப்புகளில் எடுத்த தேதி, இடம் போன்ற சில விவரங்கள் படத்தோடு இல்லாமல் பக்கத்திலேயே ஜேசன் என்ற வகை உரைக் கோப்பாகத் தனியே வரும். படங்களை மட்டும் இழுத்து ஏற்றினால், நீங்கள் 2012இல் எடுத்த படம் நேற்று எடுத்ததாகக் காட்டக்கூடும். இம்மிச்-கோ என்ற சிறு நிரல் அந்த இரண்டையும் பொருத்தி ஏற்றித் தரும். சுருக்கி ஏற்றியவை சுருக்கிய தரத்திலேயே திரும்பி வரும் என்பதால், மெமரி கார்டுகளில் மூலப் படங்கள் இருந்தால் அவற்றை முதலில் ஏற்றுங்கள்.

கல்மண்டபம்:

நான் சற்று மாறுபடுகிறேன். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இல்லாதவர் சர்வருக்குப் பொறுப்பேற்பது எளிதல்ல. அந்தப் பத்து நாளில் ஏதாவது நின்றுபோனால் அம்மா யாரிடம் கேட்பார்? மகனுக்குக் கல்லூரி, வேலை என்று ஊர் மாறும் காலமும் வரும். சந்தாவை வீண்செலவு என்று ஒதுக்க வேண்டாம். முதல் ஓராண்டுக்காவது இரண்டையும் வைத்துக்கொண்டு பாருங்கள் என்பதே என் கருத்து.

போனைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் அதையும் சொல்கிறேன். கேமராவையும் ரேமையும் ஒப்பிடுவதற்கு முன்பு, எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்று பாருங்கள். 2023இல் வந்த பிக்சல் 8 முதல் கூகுளும், 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24 முதல் சாம்சங்கும் 7 ஆண்டு என்று வாக்களித்திருக்கின்றன. நடுத்தர விலையில் பார்த்தால், 2025இல் வந்த கேலக்ஸி ஏ26, ஏ36, ஏ56 ஆகியவற்றுக்கு 6 ஆண்டு. இந்தக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறதே தவிர, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று இரண்டு ஆண்டு பழைய மாடலை வாங்கினால், அந்த இரண்டு ஆண்டு ஏற்கெனவே கழிந்திருக்கும்.

உங்கள் தேவைக்கு இன்னொன்றும் முக்கியம். எடுத்த படம் தானாக சர்வருக்குப் போக வேண்டும் என்றால், போன் பாக்கெட்டில் இருக்கும்போதும் செயலி பின்னணியில் இயங்க வேண்டும். ஆண்ட்ராய்டில் சில நிறுவனங்களின் போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணிச் செயலிகளைக் கண்டபடி நிறுத்திவிடும். இம்மிச்சுக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும். ஐபோனில் பின்னணி வேலையை எப்போது ஓடவிடுவது என்பதை இயங்குதளமே முடிவு செய்கிறது. என் மனைவி ஐபோன்தான் வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை செயலியைத் திறந்து வைத்தபடி சார்ஜில் போடுவது எங்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது.

வைகைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாழம்பூ அவர்கள் எழுதியதைப் படித்ததும் இரண்டு டிஸ்க் வாங்கி மிரர் செய்யும் எண்ணத்தைக் கைவிட்டேன். எனக்கும் அதுதான் பேக்கப் என்ற எண்ணம் இருந்தது. கல்மண்டபம் ஐயா கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அது நியாயமான கேள்வி. மின்வெட்டு, வெளியூரிலிருந்து பார்ப்பது ஆகிய இரண்டு பற்றியும் மின்கம்பி அண்ணன் சொன்னால் உதவியாக இருக்கும். வெளியிலிருந்து சர்வருக்கு வழி கிடைக்க ரவுட்டரில் போர்ட் திறந்து பார்த்தோம், இணைப்பு கிடைக்கவில்லை.

மின்கம்பி:

உங்கள் இணைப்பு பெரும்பாலும் சிஜிநாட் என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கும். ஒரே பொது முகவரியை இணையச் சேவையாளர் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால் போர்ட் திறந்து பயனில்லை. உண்மையில் அது நல்லதுதான். குடும்பப் படங்கள் உள்ள சர்வரை இணையத்தில் எல்லாருக்கும் தெரியும்படி திறந்து வைக்கவே வேண்டாம். டெயில்ஸ்கேல் செயலியை சர்வரிலும் வீட்டுப் போன்களிலும் போட்டுவிட்டால், அவை மட்டும் ஒன்றையொன்று பார்க்கும் தனி வலை உருவாகிவிடும். அதற்கு அடிப்படையான வயர்கார்டு என்ற மறைகுறியாக்க இணைப்பு முறை 2020 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது.

மின்வெட்டுக்கு: வீட்டு இன்வெர்ட்டரை யூபிஎஸ் முறையில் வையுங்கள், இல்லாவிட்டால் மாறும் அந்தக் கண நேரத்தில் பெட்டி அணைந்துவிடலாம். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில், மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி அமைத்துவிடுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும் பத்து நாளில் வரும் தொல்லைகளில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

வைகைக்கரை:

குடும்பத்தில் கலந்து பேசி முடிவெடுத்திருக்கிறோம். என்100 மினி பிசியும் 2 டெராபைட் எஸ்எஸ்டியும் வாங்குகிறோம். ஓராண்டு வரை சந்தாவும் தொடரும். மனைவிக்கு 6 ஆண்டு அப்டேட் உள்ள நடுத்தர விலை போன் போதும் என்று அவரே தேர்ந்தெடுத்துவிட்டார். மகன் நிறுவும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் நோட்டில் தமிழில் எழுதிக்கொள்ளப் போகிறேன். அவன் இல்லாதபோது நானும், நான் இல்லாதபோது மனைவியும் பார்த்துச் செய்யும்படி அது இருக்க வேண்டும்.

நகல் டிஸ்க் திருநெல்வேலியில் தங்கை வீட்டில் இருக்கும். முதல் முறை நானே கொண்டுபோய், அவளுடைய மடிக்கணினியில் செருகி, ஆண்டுவாரிக் கோப்புறையைத் திறந்து, அப்பா பட்டம் விடக் கற்றுக்கொடுக்கும் வீடியோ முழுவதும் ஓடுகிறதா என்று பார்ப்பேன். அதன் பிறகுதான் பழைய கணக்கிலிருந்து எதையும் அழிப்பது பற்றி யோசிப்பேன்.