படுத்தா பல்ஸ் 62, நின்னா 84, ஹார்ட்ல ஏதாவது பிரச்சனையா?

வீட்ல பிபி மெஷின் வந்ததுல இருந்து இதே வேலையா போச்சு. படுத்துட்டு பாத்தா பல்ஸ் 62, எழுந்து ஒரு நிமிஷம் நின்னு பாத்தா 84, ஆனா பிபி 118ல இருந்து 114, அவ்ளோதான். போன வாரம் வயித்துப்போக்குல ஓஞ்சு கிடந்தப்ப நின்னா பல்ஸ் 104 போச்சு, கண்ணு வேற இருட்டிட்டு வந்துச்சு. ஹார்ட் வீக்கா, இல்ல ரத்தம் கம்மியா?

பதில் 1:
ஹார்ட்ட குத்தம் சொல்லாதீங்க ப்ரோ, வர்ற ரத்தத்த தானே அதால தள்ள முடியும். உடம்புல மொத்தமே 5 லிட்டர் சொச்சம், நின்ன உடனே அதுல 500 லேர்ந்து 800 மில்லி வரைக்கும் காலுக்கும் வயித்துக்கும் எறங்கிடும், ஹார்ட்டுக்கு திரும்பி வர்றது குறையும், ஒவ்வொரு துடிப்புலயும் வெளிய போறதும் குறையும். கழுத்து தமனிலயும் ஹார்ட்லேர்ந்து கெளம்பற பெரிய குழாயான அயோர்ட்டா வளைவுலயும் பிரஷர கவனிக்கற பேரோரிசெப்டார்னு ஒண்ணு இருக்கு, அது சில நொடில மூளைத்தண்டுக்கு தகவல் சொல்லி பல்ஸ ஏத்தி ரத்தக்குழாய சுருக்கிடும். உங்க பிபி விழாம நின்னதே அது ஒழுங்கா வேலை செய்யறதால தான். வயித்துப்போக்குல உப்பும் தண்ணியும் போய் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தோட தண்ணிப் பகுதி, குறைஞ்சிருக்கும், அதான் 104.

பதில் 2:
மேல சொன்னது சரிதான், ஆனா பல்ஸுக்கு ரொம்ப மார்க் குடுத்துட்டாரு. ஹார்ட் மாத்தினவங்களுக்கு புது ஹார்ட்டுக்கு நரம்பு கனெக்‌ஷன் இருக்காது, நின்னா பல்ஸ் பெருசா ஏறாது, இருந்தும் நிக்கறாங்க நடக்கறாங்க. அப்ப பெரிய வேலை ரத்தக்குழாய் சுருங்கறதும் கெண்டைக்கால் தசை ரத்தத்த மேல பிழியறதும் தான். அசையாம அட்டென்ஷன்ல நிக்கற சிப்பாய் மயங்கி விழறது இந்த தசை சும்மா இருக்கறதால. கண்ணு இருட்டினா காலை குறுக்க போட்டு தொடைய இறுக்குங்க, இல்ல உக்காந்துடுங்க, வீராப்பா நிக்க வேணாம்.

கேட்டவர்:
ஓ அப்படியா. அப்ப இன்னொரு டவுட், எங்கப்பாவுக்கு சாயங்காலம் கால் வீங்கும், ராத்திரி படுத்தா நாலஞ்சு தடவ பாத்ரூம் போறாரு, இதுவும் அதே கதையா?

பதில் 1:
பெரும்பாலும் ஆமா. படுத்ததும் கால்ல தேங்கின தண்ணி ரத்தத்துக்குள்ள திரும்ப வருது, ஹார்ட்டோட மேல் அறை விரியுது, ஹார்ட் அப்பவே ஒரு ஹார்மோன விட்டு கிட்னிகிட்ட உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ள சொல்லிடும். விண்வெளிக்கு போறவங்களுக்கும் ரத்தம் மேல ஏறி பிளாஸ்மா குறையும், அதான் பூமிக்கு வந்ததும் நிக்கவே தடுமாறுவாங்க. ஆனா கால் வீக்கம்னா டாக்டர்ட்ட காட்டிடுங்க, ஹார்ட், கிட்னி, சுகர், ப்ராஸ்டேட் எதுவும் இருக்கலாம்.

பதில் 3:
நம்பர் சொல்லிடறேன். நின்ன 3 நிமிஷத்துக்குள்ள மேல் பிபி 20 இல்ல கீழ் பிபி 10 குறைஞ்சா விஷயம் இருக்கு. பிபி விழாம பல்ஸ் மட்டும் 10 நிமிஷத்துக்குள்ள படுத்தப்ப இருந்தத விட 30க்கு மேல ஏறி, தலைசுத்தலோட மாசக்கணக்கா இழுத்தா பாட்ஸானு (POTS, நின்னா பல்ஸ் எகிறற கோளாறு) டாக்டர் பாப்பாரு, உடம்பு சரியில்லாத அன்னிக்கு ஏறின 104 அந்த கணக்குல வராது. அப்பா பிபி மாத்திரை, தண்ணி போற மாத்திரை, ப்ராஸ்டேட் மாத்திரை சாப்பிடறாரானு பாருங்க, நின்னா பிபிய எறக்கும். பீட்டா பிளாக்கர்னா, அதாவது பல்ஸ குறைக்கற பிபி, ஹார்ட் மாத்திரைன்னா, பல்ஸ் ஏறாம மறைச்சிடும். அவருக்கும் படுத்து 5 நிமிஷம் கழிச்சு ஒண்ணு, நின்னு 1 நிமிஷத்துல ஒண்ணு, 3 நிமிஷத்துல ஒண்ணு எடுத்து எழுதி கொண்டு போங்க, பக்கத்துலயே ஆள் நிக்கணும்.