சிந்தசைசரின் சுருதியை ஒரு கோப்பில் எழுதி மாற்றலாமா?

சுன்னாகம்_சுருதி:
வீட்டில் சங்கீதம் படிக்க வரும் பிள்ளைகளுக்காகப் பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, தம்புரா ஒலி தரும் சிந்தசைசர் (ஒலியை உருவாக்கும் நிரல்) எழுதியிருக்கிறேன். அதில் பட்டன், ஸ்லைடர் எதுவும் இல்லை. ஓடவிட்டதும் ஒரு கோப்புறை தெரியும். உள்ளே 'சுருதி', 'பஞ்சமம்', 'ஒலியளவு' என்று கோப்புகள். 'சுருதி'யில் 196 என்று எழுதிச் சேமித்தால் ஐந்து கட்டை, 130.8 என்றால் ஒரு கட்டை. இந்தக் கோப்புகள் டிஸ்கில் இல்லை. ஒரு நிரலே கோப்புறை போலத் தோன்ற வழிசெய்யும் ஃபியூஸ் என்ற லினக்ஸ் வசதி வழியாக என் நிரல்தான் அவற்றைக் காட்டுகிறது. எந்தச் சிந்தசைசரையும் இப்படித்தான் இயக்க வேண்டும் என்பது என் கட்சி. எடிட்டர் திறக்கத் தெரிந்த பிள்ளைக்கே அது போதும்.

கொக்குவில்_நிரல்:
அண்ணை, தம்புராவுக்குச் சரி. கட்டையை வகுப்புக்கு இரண்டு மூன்று முறைதான் மாற்றுவீர்கள். தோடி ராகத்தின் காந்தார சுரத்தை இப்படி அசைத்துக் காட்ட முடியுமா? நாதஸ்வரத்தில் தோடி கேட்டு வளர்ந்த ஊர் இது, சுரத்தை அசைக்கும் கமகம் பிசகினால் எல்லோருக்கும் தெரியும்.

செக்கனுக்கு 48,000 ஒலி மாதிரிகள், அவற்றை 64 மாதிரிகளாகக் கணக்கிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் கிடைப்பது 1.33 மில்லிசெக்கன். ஃபியூஸில் ஒவ்வொரு எழுதலும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் போய்த் திரும்ப உங்கள் நிரலுக்கு வர வேண்டும், எப்போது வந்து சேரும் என்ற உறுதி இல்லை. இசை நிரல்கள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்ப 1997இல் பெர்க்லியில் உருவான ஓஎஸ்சி என்ற செய்தி முறையைப் பாருங்கள். அதன் முகவரியும் கோப்புப் பாதை போலச் சாய்கோடுகளால் ஆனதுதான். ஆனால் பல மாற்றங்களை ஒன்றாகக் கட்டி, நேர முத்திரை போட்டு அனுப்பலாம். சூப்பர்கொலைடர் என்ற இசை நிரல் அதை நம்பித்தான் ஓடுகிறது. உங்கள் வழியில் சுருதி ஒரு கோப்பு, ஒலியளவு இன்னொன்று. முதலாவது மாறி மற்றது மாறும் வரைக்கும் கேட்பது யாரும் கேட்காத ஓர் ஒலி.

நல்லூர்_வீணை:
நேர முத்திரை விஷயத்தில் தம்பி சொல்வது உண்மை. ஆனால் ஓஎஸ்சி 1.0 முகவரியில் ஆஸ்கி எனப்படும் ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள் மட்டும்தான். 'காந்தாரம்' என்று அதில் எழுத முடியாது. கோப்பின் பெயரில் எழுதலாம்.

எல்லாவற்றையும் கோப்பாகக் காட்டும் கொள்கையை முழுமையாகப் பின்பற்றியது பெல் ஆய்வகத்தின் பிளான் 9 என்ற இயங்குதளம். அதற்காகத்தான் 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையை வடிவமைத்தார்கள். தமிழில் கோப்புக்குப் பெயர் வைக்கும்போதெல்லாம் அவர்கள் செய்த வேலையைத்தான் பயன்படுத்துகிறோம். இன்னொன்று, கோப்புறையைத் திறந்தால் என்னென்ன மாற்றலாம் என்பது கண்ணுக்குத் தெரியும். ஓஎஸ்சி 1.0இல் அதைக் கேட்டறிய ஒரு பொது முறையே இல்லை.

சுன்னாகம்_சுருதி:
தம்பி, கமகத்தை வெளியிலிருந்து புள்ளி புள்ளியாக எழுதச் சொல்லவில்லை. 'கமகம்' என்ற கோப்பில் ஒரே வரியில் முழு அசைவையும் எழுதுகிறோம்: எந்தச் சுரத்திலிருந்து எதற்கு, எத்தனை மில்லிசெக்கனில், ஒலியளவு என்ன. அந்த வரியை நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு திரெட் வாசித்து வரிசையில் போடுகிறது. ஒலி செய்யும் திரெட் தன் நேரத்தில் எடுத்துக்கொள்ளும், எழுதலுக்காக ஒருபோதும் காத்திராது. பிளான் 9இலும் கட்டளை வரிகளை வாங்க 'சிடிஎல்' என்று ஒரு கோப்பு இருக்கும். சுருதியும் அளவும் ஒரே வரியில் வருவதால் நீங்கள் சொன்ன இடைவெளியும் இல்லை.

கொக்குவில்_நிரல்:
அப்படியென்றால் நீங்கள் கட்டியது கோப்பு முறை இல்லை, அண்ணை. ஒரு புது மொழியைக் கோப்புக்குள் வைத்திருக்கிறீர்கள். அதன் இலக்கணத்தை யாரோ படித்தாக வேண்டும், கோப்புறையைத் திறந்தால் அது தெரியாது. எடிட்டர் போதும் என்கிறீர்கள். பல எடிட்டர்கள் முதலில் கோப்பைக் காலியாக்கிவிட்டுத்தான் எழுதும். சில, வேறு கோப்பில் எழுதிப் பெயரை மாற்றும். அந்தக் கணத்தில் உங்கள் சுருதி என்ன?

சுன்னாகம்_சுருதி:
இலக்கணம் பற்றிச் சொன்னது சரி. அதை அதே கோப்புறையில் 'உதவி' என்ற கோப்பாக வைக்கிறேன். காலியாகும் பிரச்சினை போன கிழமை எனக்கே வந்தது. ஒரு பிள்ளை சேமித்தபோது பாட்டின் நடுவில் தம்புரா நின்றுவிட்டது. வெற்றுக் கோப்பை என் நிரல் பூச்சியம் என்று வாசித்திருக்கிறது. இப்போது எண் வந்து சேரும் வரை பழைய சுருதியே ஒலிக்கும். பெயர் மாற்றிச் சேமிக்கும் எடிட்டர்களுக்கு இன்னும் வழி செய்யவில்லை. அதுவரை பிள்ளைகளுக்கு வேறு எடிட்டர் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.